"அழுக்கு வெளியே வருது" என்றால் நம்பி விடாதீர்கள்

கோவையில் ஒரு கண்காட்சி ஸ்டாலில் 650 ரூபாய் கொடுத்து ரோஜா வாசனை முக கிரீம் வாங்கினேன். சென்ட் பட்டால் எனக்குக் கழுத்து அரிக்கும் என்று முதலிலேயே சொன்னேன். "இதுல கெமிக்கலே கிடையாதுக்கா, எல்லாம் பூவுல எடுத்த எண்ணெய். உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சது" என்றார் விற்ற பெண்.

இரண்டாவது வாரம் கண் இமை அரித்தது. டப்பாவில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். "உள்ள இருக்கிற அழுக்கு வெளியே வருதுக்கா, நிறுத்தாம போடுங்க." நம்பி இன்னும் ஒன்பது நாள் தடவினேன். பத்தாம் நாள் காலை இரண்டு கண்ணும் வீங்கித் திறக்கவே முடியவில்லை. கழுத்தில் நீர் கோத்து வடிந்தது. அந்த ஒன்பது நாளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தோல் மருத்துவர், புண் ஆறிய பிறகு சந்தேகப்படும் பொருட்களைப் பட்டையில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. பிறகு பட்டையை எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். வாசனைப் பொருள் கலவை வைத்த இடமும், என் கிரீமை வைத்த இடமும் சிவந்து தடித்திருந்தன. அந்தக் கலவையில் உள்ள எட்டு வாசனைப் பொருட்களில் ஒன்று ஜெரானியால். ரோஜா எண்ணெயில் இயற்கையாகவே இருப்பது அது. கிராம்பின் யூஜெனாலும் அதே கலவையில் உண்டு. பூவில் எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் தோலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாதாம்.

என் டப்பாவில் "நறுமண எண்ணெய்கள்" என்று மட்டும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவாமல் தோலில் விடும் கிரீமில் ஜெரானியால் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயரை அச்சிட வேண்டும். பலருக்கு ஒவ்வாமை தந்த லைரல் என்ற வாசனைப் பொருளை 2021 ஆகஸ்டிலிருந்து அங்கே அழகுப் பொருட்களில் விற்கவே முடியாது.

பணத்தைக் கேட்டேன். திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

புது கிரீம் எதுவானாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரமாவது தடவிப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். "வாசனை தெரியாதது" என்று விற்பதிலும் மற்ற நெடியை மறைக்க வாசனைப் பொருள் இருக்கலாம். அரித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.