உத்ரெக்ட் திருப்பாடல் சுவடி: குருநகரில் இருந்தபடி புரட்டலாம்

பூசையில் பதிலுரைப் பாடல் பாடுகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய தளம் இது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக நூலகம் தன்னிடமுள்ள இலத்தீன் திருப்பாடல் சுவடியை (விவிலியச் சங்கீதங்களின் பழைய கையெழுத்துப் பிரதி) முழுதாக இணையத்தில் போட்டிருக்கிறது. காசு இல்லை. விறாந்தையில் இருந்தபடி பக்கம் பக்கமாக ஆறுதலாகப் பார்க்கிறேன்.

பிரான்சில் ரைம்ஸ் நகருக்குப் பக்கத்து ஓவிலெர் மடத்தில், 820க்கும் 835க்கும் இடையில் எழுதியது என்பது அறிஞர்கள் கருத்து. தோல் தாள், மூன்று பத்தி எழுத்து, மண்ணிற மையில் 166 கோட்டோவியம். வர்ணமே இல்லை. ஆனாலும் ஒரு கோடு சும்மா நிற்காது. உடுப்பு பறக்கிறது, ஆட்கள் குனிந்து ஓடுகிறார்கள், மலைகூடக் கடல் அலைபோல எழும்புகிறது.

44ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். ஆண்டவரே ஏன் உறங்குகிறீர், எழுந்து வாரும் என்று சனங்கள் கெஞ்சும் பாடல். ஓவியர் அதை அப்படியே வரைந்துவிட்டார்: மேலே ஆண்டவர் கட்டிலில் படுத்திருக்கிறார், வானதூதர்கள் எழுப்புகிறார்கள். கீழே, உடல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது என்ற வரிக்கு, ஆட்கள் நிலத்தில் விழுந்து கிடக்கிறார்கள். மார்கழி விடியலில் பக்கத்துக் கோயிலின் திருப்பள்ளியெழுச்சி கேட்டு வளர்ந்தவள் நான். போர்க்காலத்தில் இந்தத் திருப்பாடலையும் சொல்லிச் செபித்தோம். அந்தப் படத்தை விட்டு அடுத்த பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. எந்த வசனத்துக்குப் படத்தின் எந்தப் பகுதி என்று தளமே காட்டித் தருவது பெரிய உதவி.

ஒன்றைக் கவனியுங்கள். சுவடியின் இலத்தீன் எண் பெரும்பாலும் ஒன்று குறைவு. எங்கள் 44 அங்கே 43. தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, ஆகவே விவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கோடுகள் சின்னதாகத் தெரியும். மடிக்கணினி என்றால் வடிவாகப் பார்க்கலாம்.

சுவடி கைமாறிய கதையையும் தேடி வாசியுங்கள். 1000ஆம் ஆண்டளவில் அது இங்கிலாந்தின் கன்ரபரிக்குப் போனது. அங்கே 200 ஆண்டுக்குள் மூன்று முறை அதைப் பார்த்துப் படியெடுத்தார்கள். பிறகு றொபேட் கொற்றன் என்ற சேகரிப்பாளரிடம் வந்தது. அவர் ஆரண்டல் பிரபுவுக்கு இரவல் கொடுத்தார், அது திரும்பி வரவேயில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் நேரம் பிரபு நாட்டை விட்டுப் போக, சுவடியும் கடல் கடந்தது. 1716இல் வில்லெம் டி ரிடர் என்பவர் உத்ரெக்ட் நூலகத்துக்குக் கொடுத்தார். 1731இல் இலண்டனில் கொற்றன் நூலகம் தீப்பிடித்து எத்தனையோ சுவடிகள் நாசமாயின. இரவல் போன இந்தச் சுவடியோ தப்பிவிட்டது. 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. ஏட்டுச்சுவடி வைத்திருக்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து ஒரு மின்படியாவது எடுத்து வையுங்கள்.

பாடகர் குழாம் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டப்போவது 150ஆம் பாடல். எண்ணில் குழப்பமில்லை. நடுவில் பெரிய ஓர்கன் ஒன்று, வாசிக்க இரண்டு பேர், காற்றடிக்க நான்கு பேர். காற்றடிக்கிறவர்களை வாசிக்கிறவர்கள் அதட்டுவது போலவே இருக்கிறது.