அளவுக்கோடிட்ட பிரசவ டிரேப்: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

பிரசவம் முடிந்ததும் “ரத்தம் எவ்வளவு போச்சு?” என்று டாக்டர் கேட்டால், லேபர் வார்டில் வழக்கமாக வரும் பதில் “ஒரு 200, 250 மில்லி இருக்கும்”. விரிப்பையும் கிட்னி டிரேயையும் பார்த்துக் கண்ணாலேயே போடும் இந்தக் கணக்கு பெரும்பாலும் குறைத்தே சொல்லும். கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கண்மதிப்பு டிரேப் அளவைவிட சுமார் 33 சதவீதம் குறைவாக இருந்தது.

டிரேப் என்பது பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. இடுப்புக்கு அடியில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக். கால்பக்கம் புனலாகக் குறுகி, மில்லி கோடுகள் போட்ட பையில் முடியும். வயிற்றைச் சுற்றிக் கட்ட நாடா உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டியது.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வில் (2023) இந்த டிரேப்போடு சிகிச்சையை ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6 சதவீதம். எண்ணிக்கையைக் குறைத்தது பிளாஸ்டிக் மட்டும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பையில் ரத்தம் எச்சரிக்கைக் கோட்டைத் (கீழே சொல்லும் 300, 500) தாண்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் (10 நிமிடத்தில் மெதுவாக ரத்தநாளம் வழியே), ஐ.வி. திரவம், கிழிசலும் நஞ்சுக்கொடி மிச்சமும் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் தொடங்க வேண்டும்.

விரிக்கும் நேரத்தில்தான் தவறு அதிகம். குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகே விரிக்க வேண்டும். முன்பே விரித்தால் பையில் 400 காட்டும். அதில் பாதி தண்ணீராக இருக்கலாம், சிறுநீரும் சேரும். அவசரத்தில் அப்படி ஆகிவிட்டால், குழந்தை பிறந்தவுடன் பையில் நிற்கும் அளவைக் குறித்துவைத்துப் பின்னால் கழியுங்கள்.

அடுத்த சிக்கல் கட்டில். பை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கினால்தான் அளவு சரியாக வரும். கால்பக்கம் கழற்ற முடியாத சாதாரணக் கட்டிலில் பை படுத்துக்கொள்ளும், ரத்தம் இடுப்புக்கு அடியிலேயே தேங்கும். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தேங்கியதையும் கட்டிகளையும் கையால் கீழே வழித்துவிட்டு, பையின் சுருக்கத்தை நீக்கி, கோடு கண்மட்டத்தில் இருக்கும்படி படியுங்கள். பேட், காஸ் துணி உறிஞ்சியது பையில் வராது. அவற்றை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி.

தையல் முடிந்ததும் உருவி எடுத்துவிடுவது இன்னொரு பழக்கம். குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையோடு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். 500 மில்லி வரை காத்திருக்கத் தேவையில்லை: 300ஐத் தாண்டி நாடி 100க்கு மேல் போனாலே ஆளைக் கூப்பிட வேண்டும். கடும் ரத்தசோகை உள்ள தாய்க்கு அதற்கும் குறைவான இழப்பே தாங்காது. கருப்பைக்குள் தேங்கும் ரத்தத்தை எந்தப் பையும் காட்டாது, அதற்கு வயிற்றில் கைவைத்துப் பார்ப்பதுதான் வழி.

வாங்கும்போது 300, 500 கோடுகள் தனி நிறத்தில், தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி இருப்பதை எடுங்கள். புதிய தொகுதி வந்தால் ஒன்றைப் பிரித்து 500 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றிப் பாருங்கள். கோடு தப்பாக அச்சாகியிருந்தாலும் அடித் தையல் கசிந்தாலும் உடனே தெரியும். பிளாஸ்டிக் முதுகில் ஒட்டி வியர்க்கும் என்று தாய்மார்கள் சொல்வது நியாயமான குறைதான், இடுப்புக்கு மேலே ஒரு பருத்தித் துணி போட்டால் சரியாகிவிடும். ஸ்டோர் அறையில் பூட்டிவைக்காமல் ஒவ்வொரு டெலிவரி செட்டோடும் ஒன்று வையுங்கள், இரவுப் பணியில் சாவி தேட நேரம் இருக்காது.