தெரபி கிட்டா, வீட்டு விளையாட்டா? பட்டன் போட வராத பையனோட ரெண்டு வருஷ அனுபவம்

எங்க சின்னவனுக்கு அஞ்சு வயசுல சட்டை பட்டன் ஒண்ணு கூட போட வராது. பட்டனைப் பிடிப்பான், ஓட்டைக்குப் பக்கத்துல கொண்டு போவான், அதுக்குள்ள அந்தப் பக்கத் துணியைப் பிடிச்சிருந்த கை விட்டுரும். நாலு தடவை இப்படி ஆனா சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு அழுவான். பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடிக்கிறான்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ஓடினா தடுக்கி விழுவான், படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சு வச்சுத்தான் இறங்குவான். டாக்டர் பார்த்துட்டு ஆக்குபேஷனல் தெரபிக்கு (உடுத்தறது, எழுதறது மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்குற சிகிச்சை) அனுப்பினாங்க, மதுரைல வாரத்துக்கு ரெண்டு நாள்னு ரெண்டு வருஷம் போனோம்.

தெரபி ஆரம்பிச்ச முதல் மாசமே பயத்துல நான் ஆன்லைன்ல கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கிட்டேன், கையால அமுக்கிப் பழகுற புட்டி, ஓட்டை போட்ட பலகையில குட்டிக் குச்சி (பெக்) செருகுற பெக்போர்டு, பட்டன் மாட்டுற ஃப்ரேம், குட்டி ட்ராம்போலின் எல்லாம். அதே சமயம் வீட்டுல அவன் அப்பத்தா அவங்க பாட்டுக்கு அவனைப் பக்கத்துல உட்கார வச்சு கீரை உருவ விட்டாங்க, பல்லாங்குழி ஆட விட்டாங்க. அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிற வாய்ப்பு எனக்குத் தானா அமைஞ்சுது. இப்ப தெரபி ஆரம்பிக்கிற அம்மா அப்பாக்கள் நிறைய பேர் என்ன வாங்கலாம்னு கேட்கிறாங்க, அவங்களுக்காகத்தான் இது.

நான் பார்க்கிறது விலையை இல்ல. அந்த விளையாட்டு எந்த அசைவைக் கொண்டு வருது, பிள்ளைக்குப் பழகினதும் அதையே இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்க முடியுமா, நாளைக்கு அவனே வந்து மறுபடி கேட்பானா, இவ்வளவுதான். கடைசிக் கேள்வியை நிறைய பேர் விட்டுடறோம். பத்து நாள்ல மூலைக்குப் போற சாமான் எவ்வளவு நல்லதா இருந்தும் கைக்கு ஒண்ணும் செய்யாது.

முதல்ல புட்டி. சிலிகான்ல செஞ்சது, களிமண் மாதிரி இருக்கும், கலருக்கு ஏத்த மாதிரி இறுக்கம் மாறும், மெதுவானதுல ஆரம்பிச்சு கெட்டியானதுக்குப் போகலாம். காய்ஞ்சு போகாது. இன்னைக்கு இருக்கிற இறுக்கம்தான் அடுத்த மாசமும் இருக்கும், அதனால பிள்ளைக்கு எவ்வளவு பலம் கூடியிருக்குன்னு தெரபிஸ்ட் கணக்கு வச்சுக்கலாம். இது உண்மையான பிளஸ், வீட்டு மாவுல இது வராது. ஆனா வாயில வைக்கிற பிள்ளைக்கு ஆகாது, பெட்ஷீட்ல முடியில ஒட்டினா எடுக்கிறது பெரும்பாடு.

இதுக்கு எதிர்ல எங்க வீட்டுச் சப்பாத்தி மாவு. தண்ணி கொஞ்சம் கம்மியாப் பிசைஞ்சா கெட்டி, கூட ஊத்தினா மெது, அதுலயே லெவல் மாத்திடலாம். நாங்க செஞ்சது, மாவு உருண்டைக்குள்ள பத்து பொட்டுக்கடலையை ஒளிச்சு வச்சுக் கண்டுபிடிக்கச் சொல்றது. அதை எடுக்கணும்னா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளித்தான் ஆகணும், முஷ்டியால முடியாது. (மூணு வயசுக்குக் கீழ கடலை, மணி, விதை எதுவும் வேண்டாம், தொண்டையில சிக்கும், பெரிய பிள்ளைன்னாலும் பக்கத்துலயே இருங்க.) இது எல்லாத்துக்கும் மேல பிடிகொழுக்கட்டை. வெதுவெதுப்பா இருக்கிற அரிசி மாவைக் கையில வச்சு ஒரே அமுக்கு, அவ்வளவுதான், ஆனா அமுக்கினதும் நாலு விரல் தடமும் அதுல அப்படியே பதிஞ்சிருக்கும் பாருங்க, அங்கதான் விஷயம். சின்னவன் முதல் தடவை பிடிச்ச கொழுக்கட்டையில ரெண்டு விரல் தடம்தான் தெரிஞ்சுது, மோதிர விரலும் சுண்டுவிரலும் அமுக்கவே இல்ல. தெரபிஸ்ட் மேடம் வாரக்கணக்கா சொல்லிட்டு இருந்ததை நான் என் கண்ணால பார்த்தது அன்னைக்குத்தான். ஆவியில வெந்து வந்ததும் "இது என்னோடது"ன்னு தேடி எடுத்துச் சாப்பிட்டான், அடுத்த வாரம் அவனே கேட்டான். புட்டியை ஒரு நாளும் அவனா வந்து கேட்டதில்ல. என் ஓட்டு மாவுக்குத்தான், பலத்தை அளந்து பார்க்க வேண்டிய பிள்ளைன்னா மட்டும் தெரபிஸ்ட் சொல்ற இறுக்கத்துல ஒரே ஒரு புட்டி போதும், முழு செட்டு வேண்டாம்.

அடுத்தது பெக்போர்டும் பல்லாங்குழியும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒப்பீடு, ஏன்னா மேலோட்டமாப் பார்த்தா ரெண்டும் குழியில சாமான் போடறதுதான். பெக்போர்டுல ஒரு பெக்கை டப்பாவுல இருந்து எடுத்து ஓட்டையில செருகுறான், அதுல கிள்ளிப் பிடிக்கிற பிடியும் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்றதும் நல்லாவே வரும். நேராச் செருகலேன்னா உள்ள போகாது, அதனால தப்பு அவனுக்கே தெரிஞ்சிடும், குறி வச்சுச் செருகுற பழக்கத்துக்கு அது நல்ல சாமான். ஆனா ஒவ்வொண்ணா எடுத்து ஒவ்வொண்ணா வச்சா உள்ளங்கைக்கு வேலையே இல்ல. பல்லாங்குழியில ஒரு குழியில இருக்கிற புளியங்கொட்டை அஞ்சையும் வழிச்சு எடுத்து உள்ளங்கைக்குள்ள பத்திரமா மூடி வச்சுக்கிட்டு, மத்தது விழாம ஒண்ணே ஒண்ணை மட்டும் கட்டைவிரலால தள்ளி விரல் நுனிக்குக் கொண்டு வந்து அடுத்த குழியில போடணும், உடனே அதுக்கடுத்தது, உடனே அதுக்கடுத்தது. ஒரே கையில சுண்டுவிரல் பக்கம் இறுக்கிப் பிடிச்சிருக்கும், கட்டைவிரல் பக்கம் அசைஞ்சிட்டு இருக்கும். பென்சில் பிடிக்கிறதுக்கும் இதே பிரிவுதான் வேணும், சுண்டுவிரல் பக்கம் பேப்பர் மேல அசையாம இருக்க கட்டைவிரல் பக்கம் எழுதும். பட்டனும் அப்படித்தான், சில்லறைக் காசு எண்ணிக் கொடுக்கிறதும் அப்படித்தான்.

அதோட ரெண்டு வரிசையில ஏழு ஏழுன்னு பதினாலு குழி, பலகை நீளமா இருக்கிறதால வலது கை உடம்போட நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போயே ஆகணும். சின்னவன் முதல்ல நடுவுக்கு வந்ததும் கையை மாத்திடுவான், இடது கையால மீதியைப் போடுவான். "ஒரு கையாலயே ஆடு சாமி"ன்னு அப்பத்தா சொல்லிச் சொல்லி, அதோட நாலு சேர்ந்தா பசுன்னு எடுத்துக்கிற ஆசையும் சேர்ந்து, கொஞ்ச மாசத்துல அது போச்சு. ஆரம்பத்துல அஞ்சு கொட்டை அவன் கையில நிக்கவே இல்ல, தரையெல்லாம் சிதறும், அதனால ரெண்டுல ஆரம்பிச்சோம், பெரிய சோழி வச்சு. ரெண்டு, மூணு, அப்புறம் புளியங்கொட்டைன்னு வந்தோம். பெக்போர்டு வச்சிருக்கிறவங்க தூக்கிப் போட வேண்டாம், மூணு பெக்கை ஒரே கையில கொடுத்து ஒவ்வொண்ணாச் செருகச் சொல்லுங்க, அப்ப அதுவும் பல்லாங்குழி வேலையில பாதி செய்யும்.

டேப்லெட்ல எழுத்து வரையுற ஆப் பத்திச் சீக்கிரம் சொல்லிடறேன். விரல் கண்ணாடி மேல வழுக்கிட்டுப் போகுது, எதிர்ப்பே கிடையாது, எவ்வளவு அழுத்தறோம்னு கைக்குத் தெரியாது. எழுத்தோட வடிவம் மனசுல பதியலாம், பிடி வராது. அரிசியில விரலால எழுதறதும் பிடியைத் தராது, ஆனா அங்க அரிசி விரலை உரசுது, அந்த உணர்வாவது கிடைக்குது. எங்களுக்கு வேலை செஞ்சது பழைய சிலேட்டும் உடைஞ்ச பல்பமும். பல்பம் ஒரு இஞ்ச் நீளம்தான் இருந்தா முஷ்டியில பிடிக்க இடமே இருக்காது, தானா மூணு விரலுக்கு வந்துரும். சிலேட்டை அவன் கண்ணு உயரத்துக்குச் சுவத்துல மாட்டினோம், நின்னுக்கிட்டு எழுதும்போது மணிக்கட்டு பின்பக்கமா வளைஞ்சு நிக்கும், தோள்பட்டைக்கும் வேலை. தெரபி சென்டர்ல ஒரு வொயிட்போர்டு வச்சு இதையேதான் செய்வாங்க.

இனி உடம்புக்கு. ட்ராம்போலின்ல குதிக்கிறது அவனுக்கு உயிர். பத்து நிமிஷம் குதிச்சா சாயங்காலம் ஹோம்வொர்க்குக்கு ஒரு இடத்துல உட்காருவான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனா அது ரெண்டு காலும் சேர்ந்து ஒரே மாதிரி எம்பற குதி, ஸ்பிரிங் பாதி வேலையைச் செஞ்சிடுது, நிக்கிற வேலை அதுல இல்லவே இல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே வீட்டுல ட்ராம்போலின் வேண்டாம்னுதான் சொல்லுது, கை கால் முறிவு அதுல அதிகம். இதுக்கு எதிர்ல நம்ம பாண்டி ஆட்டத்துல என்ன இருக்கு பாருங்க, சில்லைச் சரியான கட்டத்துல எறியணும், ஒத்தைக் கால்ல நொண்டணும், கோட்டை மிதிக்காம டக்குனு நிக்கணும், திரும்பணும், ஒத்தைக் கால்ல நின்னபடியே குனிஞ்சு சில்லை எடுக்கணும். குதிக்கிறதை விட நிக்கிறதுதான் எங்க பையனுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. நாலு வயசு வாக்குலதான் பிள்ளைங்க ஒத்தைக் கால்ல ஒண்ணு ரெண்டு எட்டு நொண்டவே ஆரம்பிக்கும், தெரபிக்குப் போற பிள்ளைக்கு இன்னும் லேட் ஆகலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களோட நேரடியா ஆட விட்டா தோத்துத் தோத்து வெறுத்துரும். எங்க பெரியவ தம்பிக்குன்னு தனியா நாலே கட்டம் போட்டா, ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்கலாம்னு ரூல் வச்சா. நொண்டி அதுக்கப்புறம் ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு.

கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், உள்ள உட்கார வச்சு உருட்டுற வாக்கரும் நம்ம மர நடைவண்டியும் ஒண்ணு இல்ல. வாக்கர்ல பிள்ளை தொங்கிட்டு கால் நுனியால உந்துது, சீக்கிரம் நடக்க அது உதவாது, படியில உருண்டு விழற ஆபத்து வேற. கனடால 2004லயே விக்கிறதைத் தடை பண்ணிட்டாங்க. நடைவண்டியில பிள்ளை தன் கால்ல தானே நின்னு தள்ளணும், எடை முழுக்கக் கால்ல இருக்கு. நிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுங்க, கூடவே இருங்க. நடக்கலையேன்னு ரொம்ப அவசரமும் வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவும் சேர்த்து அஞ்சு நாட்டுல பார்த்ததுல தனியா நடக்கிறது எட்டு மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் பரவி இருந்துச்சு. பதினெட்டு மாசம் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

வீட்டு விளையாட்டு தோத்த இடம் ஒண்ணு இருக்கு, அது ஊஞ்சல். தெரபி ரூம்ல சீலிங்ல கொக்கி போட்டு மாட்டின பலகை ஊஞ்சல்ல குப்புறப் படுக்க வச்சு, ஆடிட்டே இருக்கும்போது தரையில கிடக்கிற பீன்பேகை எடுத்து வாளியில போடச் சொல்வாங்க. கழுத்தும் முதுகும் மேல தூக்கி நிக்கணும், கண்ணு குறி பார்க்கணும், ஊஞ்சல் எப்ப கிட்ட வருதுன்னு கை காத்திருக்கணும். நாங்க வீட்டுல சேலைத் தூளி கட்டிப் பார்த்தோம், அது உடம்பை அணைச்சு சுருட்டி வச்சுக்குது, அமைதி ஆவான், தூங்கிடுவான், முதுகுக்கு வேலை இல்ல. வேகமாச் சுத்துற ஆட்டத்தை நீங்களா வீட்டுல செய்யவே வேண்டாம், வலிப்பு வந்த பிள்ளைன்னா டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. இந்த ஊஞ்சல் முறையெல்லாம் ஜீன் அயர்ஸ்ங்கிற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோட சென்ஸரி இன்டெகிரேஷன் (புலன்கள் தர்ற உணர்வுகளை மூளை ஒண்ணு சேர்க்கப் பழக்குறது) வழியில வந்தது, அதோட பலனுக்கு ஆதாரம் இன்னும் குறைவாத்தான் இருக்குன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல சொன்னதையும் நீங்க தெரிஞ்சுக்கணும். எங்க பையன் முதுகு நிமிர்ந்து உட்கார ஆரம்பிச்சது ஊஞ்சலுக்கு அப்புறம்தான், ஆனா வளர்ச்சியும் கூடவே நடந்துட்டுத்தான் இருந்துச்சு.

செலவு தாங்கலேன்னா தெரபியையே விட்டுடாதீங்க. ஆர்பிஎஸ்கேங்கிற (ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம்) அரசுக் குழந்தை நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பிள்ளைங்களை ஸ்க்ரீன் பண்றாங்க, மாவட்டத்துல இருக்கிற ஆரம்ப இடையீட்டு மையத்துல காசு வாங்காம தெரபி கொடுக்கிறாங்க. அங்கன்வாடியிலயோ அரசு ஆஸ்பத்திரியிலயோ கேட்டா வழி சொல்வாங்க.

கடைசியா பட்டன், நாங்க ஆரம்பிச்ச இடம். மரச் சட்டத்துல ரெண்டு துணி, நடுவுல அஞ்சு பட்டன், இந்த ஃப்ரேம் மரியா மாண்டிசோரிங்கிற இத்தாலியக் கல்வியாளர் காலத்துச் சாமான், அவங்க 1939ல அடையாறுக்கே வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க. நல்ல சாமான்தான், துணி விறைப்பா நிக்கும், பட்டன் பெருசு, கண்ணுக்கு நேரா இருக்கும். ஒரே மாசத்துல சின்னவன் ஃப்ரேம்ல அஞ்சையும் போட்டுட்டான், நான் அழுதுட்டேன் சந்தோஷத்துல. மறுநாள் ஸ்கூல் சட்டையில ஒண்ணு கூட வரல.

ஏன்னு மேடம் விளக்கினாங்க. மேல இருந்து குனிஞ்சு பார்க்கிறான், பட்டன் ஓரமாத்தான் தெரியுது, துணி தொளதொளன்னு இருக்கு, பிடிச்சு நிறுத்த இன்னொரு கை அதே அளவு வேலை செய்யணும். என்ன வேலை வரணுமோ அதையே சின்னச் சின்னதாப் பிரிச்சுப் பழக்கினாத்தான் அது வரும்னு சொன்னாங்க. அதனால அவங்க அப்பாவோட பழைய காட்டன் சட்டையில இருந்த பட்டனை எடுத்துட்டுப் பெரிய கோட் பட்டன் தைச்சேன், ஓட்டையையும் கத்தரிச்சுப் பெருசாக்கினேன், அதைப் போட்டுக்கிட்டு "டாக்டர் வந்திருக்கேன்"னு விளையாடுவான். அடிப்பட்டன் முதல்ல, ஏன்னா குனிஞ்சா அதுதான் நல்லாத் தெரியும். நான் முக்கால்வாசி செருகி விடுவேன், இழுக்கிறது மட்டும் அவன். அப்புறம் பாதி. அப்புறம் முழுசா அவனே.

இப்ப ஏழு வயசு. ஸ்கூல் சட்டையில கீழ இருந்து அஞ்சு பட்டனும் அவனே போடறான், பஸ் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அவசரமும் அவனுக்கே இருக்கு. கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, விரல் தடவித்தான் கண்டுபிடிக்கணும். அதுல இப்ப ஓட்டையைக் கண்டுபிடிச்சுடறான், பட்டனோட ஓரத்தை உள்ள நுழைச்சு வச்சுட்டு "இழும்மா"ங்கிறான்.