ஆஸ்ட்ரிக்ஸுக்கு ஒருவர், ஒபெலிக்ஸுக்கு ஒருவர்

பிரெஞ்சு சினிமாவில் முகத்தையும் குரலையும் சேர்த்தே பிழைப்பாக வைத்திருந்த துணை நடிகர்கள் நிறையப் பேர். அவர்களில் ரொஜே கரேல், பியேர் தொர்னாத் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யமானது. ஆஸ்ட்ரிக்ஸ் கார்ட்டூன் படங்களில் குட்டி வீரனுக்குக் கரேல் குரல் கொடுத்தார், குண்டு நண்பன் ஒபெலிக்ஸுக்குத் தொர்னாத்.

முதலில் திரையில் தெரிந்த முகம். இதில் தொர்னாத் கை ஓங்கியிருக்கிறது. பெரிய உடம்பு, கொஞ்சம் விறைப்பான அதிகாரி தோரணை. 1973இல் வந்த, ஏழாவது கம்பெனி என்ற ராணுவப் பிரிவு பற்றிய நகைச்சுவைப் படத்தில் கேப்டன் துமோன் அவர்தான். கரேலும் படங்களில் வந்தார். 1983இல் வந்த, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தைக் கேலி செய்த ஒரு படத்தில் ஜெனரல் முல்லராக நடித்தார். ஆனால் அவருடைய முகத்தைத் தெருவில் பார்த்து எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

டப்பிங் என்று வந்தால் கதையே வேறு. ஸ்டார் வார்ஸின் தங்க ரோபோ, ஜங்கிள் புக்கின் மலைப்பாம்பு கா, வின்னி கரடி, தவளை கெர்மிட், வேற்றுக்கிரகவாசி ஆல்ஃப்... பிரெஞ்சில் இத்தனையும் கரேல்! சாப்ளினின் சர்வாதிகாரி படத்துக்கு 1968இல் செய்த மறு டப்பிங்கிலும் அவர்தான். பிரான்ஸில் டப்பிங் நடிகர்களுக்கு முன்னால் படத்தின் அடியில் ஒரு பட்டை ஓடும். வசனம் அதில் நகர்ந்து வந்து ஒரு கோட்டைத் தொடும் நொடியில் வாயைத் திறக்க வேண்டும். மனப்பாடம் செய்யும் வேலை குறைவு. அதனால் நடிகர் முழுக் கவனத்தையும் தொனியில் செலுத்தலாம். அந்த வசதியைக் கரேல் அளவுக்கு உறிஞ்சிக் குடித்தவர்கள் குறைவு என்பது என் கணிப்பு.

தொர்னாத் அப்படி உருமாறுபவர் அல்ல. ஒபெலிக்ஸ், லக்கி லூக் என்ற கௌபாய் கார்ட்டூன் படங்களில் வரும் கொள்ளைக்காரன் அவெரெல் டால்டன் ஆகிய இரண்டு பேருமே சாப்பாட்டு ராமன்கள், நெடிய உருவம், மந்த புத்தி, நல்ல மனசு. அவரைத் தேடி ஒரே மாதிரி வேடங்கள் வந்தன, அவற்றைப் பிரமாதமாகச் செய்தார். குறையாகச் சொல்லவில்லை. ஒபெலிக்ஸ் கோபித்துக்கொள்ளும் இடத்தில் எட்டு வயதுப் பையனின் முறைப்பு அந்தக் கனத்த தொண்டையிலிருந்து வருவது கரேலுக்கே வராத வித்தை.

இருந்தாலும் நிலைத்து நின்றது யார்? 1967 முதல் 2014 வரை 9 கார்ட்டூன் படங்களில் ஆஸ்ட்ரிக்ஸின் குரல் மாறவே இல்லை. கடைசிப் படம் வந்தபோது கரேலுக்கு 87 வயது. ஒபெலிக்ஸ் அப்படி அல்ல: 1976 வரை வந்த முதல் படங்களில் ஜாக் மொரேல், 1985இல் தொர்னாத், 1989இல் இன்னொருவர், 1994இல் மறுபடி தொர்னாத். 2012இல் தொர்னாத் மறைந்தார், 2020இல் கரேல்.

எனவே திரை முகத்துக்குத் தொர்னாத், குரலுக்குக் கரேல் என்பது என் ஓட்டு. நீங்களே முடிவு செய்ய வேண்டுமென்றால், ஆஸ்ட்ரிக்ஸும் ஒபெலிக்ஸும் பிரிட்டனுக்குப் போகும் 1986 படத்தைப் பிரெஞ்சு ஒலியில் பாருங்கள். இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இரண்டு குரல்களும் எப்படி வேறு வேறு விதமாக ஒலிக்கின்றன என்று கவனியுங்கள்.