பிரேக் தூசியும் நானும்: டோங்காட்டில் நாலு வருஷம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவி வைத்தால் புதன்கிழமைக்குள் முன் வீல் இரண்டிலும் அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆகிவிடும். பின் வீல் இரண்டும் பளிச்சென்று அப்படியே நிற்கும். 2021இல் இந்தப் பழைய ஜெர்மன் காரை வாங்கிய புதிதில், முந்தைய ஓனர் முன்பக்கம் ஏதோ மட்டமான வீலை மாட்டிவிட்டாரோ என்றுகூட சந்தேகப்பட்டேன்.

காரணம் அதுவல்ல. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. என் காரில் பின்னால் டிரம் பிரேக் வேறு. அதன் தூசி டிரம்முக்குள்ளேயே கிடக்கும். முன்னால் டிஸ்க், அதாவது வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு, திறந்த வெளியில் சுழல்கிறது, உதிர்வதெல்லாம் நேராக வீலில் வந்து ஒட்டுகிறது.

நான் ஓட்டுகிற பாதையும் அப்படி. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் வீடு, நகரத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஹில்கிரெஸ்டில் வேலை. தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் திரும்பும்போது ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம். 2013 செப்டம்பரில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று மோதி 24 பேர் இறந்தது இந்த இறக்கத்தில்தான். அதனாலோ என்னவோ, இங்கே எல்லார் காலும் பிரேக்கிலேயே இருக்கும். முன்னால் போகிறவர் சிவப்பு விளக்கு காட்டினால் நானும் அழுத்துவேன். அடிவாரத்தில் நின்று இறங்கினால் வீல் பக்கம் சூடு முகத்தில் அடிக்கும்.

டோங்காட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டத்தில் தோகையைக் கொளுத்துவார்கள். கருப்புச் சாம்பல் இழை இழையாகப் பறந்து துணிக்கொடி, வாசல், கார் என்று எல்லாவற்றின் மேலும் விழும். வீலில் இருப்பது அதுதான் என்று முதல் வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காந்தத் துண்டு ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, என் வீலின் உட்பக்கம் தடவிக் காட்டினார். பையின் வெளிப்பக்கம் கருப்பு மயிர் முளைத்த மாதிரி தூள் நட்டுக்கொண்டு நின்றது. “தம்பி, கரும்புச் சாம்பல் காந்தத்தில் ஒட்டுமா? இது இரும்பு. உன் டிஸ்க்தான் இப்படித் தூளாகி வருகிறது” என்றார். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் மட்டும்தான் தேய்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு அது புதுச் செய்தி.

முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஸ்பாஞ்சும். இரண்டு மூன்று நாள் தூசி என்றால் அதுவே போகும். ஒரு மாதம் விட்டால் போகாது. பிரேக் சூட்டில் பறக்கும் இரும்புத் துகள் வீலின் மேல் இருக்கும் வார்னிஷில் பதிந்துவிடும். ஸ்பாஞ்சில் மண் சிக்கியிருந்தால் தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் மிச்சம்.

அப்புறம்தான் நான் செய்த முட்டாள்தனம். வழியில் ஒரு கார் வாஷில் நிறுத்தி, “மேக் நன்றாக வர வேண்டும்” என்றேன். அலாய் வீலை, அதாவது அலுமினியக் கலவை வீலை, இங்கே எல்லாரும் மேக் என்றுதான் சொல்வார்கள். பையன் ஏதோ ஒரு கேனிலிருந்து தெளித்தான். நுரை பொங்கியது, மூக்கு எரிந்தது, இரண்டே நிமிடத்தில் வெள்ளிபோல் ஆனது. சந்தோஷமாக டிப்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால், ஓரக்கல்லில் உரசி வார்னிஷ் போயிருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்திருந்தது. அமிலம் கலந்த கிளீனர், வெற்று அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. முன் இடது வீலில் அந்த வெளுப்பு இன்றைக்கும் இருக்கிறது. பாலிஷ் போட்டால் இரண்டு வாரம் மறையும், பிறகு எட்டிப் பார்க்கும். அமிலம் மட்டும்தான் எதிரி என்றில்லை. கடுமையான காரம் கலந்த கிளீனரும் அலுமினியத்துக்கு ஆகாது. இப்போதெல்லாம் பாட்டிலில் ‘பிஎச் நியூட்ரல்’, அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர்சுத்திகரிப்பு நிலையமே நாசமானது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டாங்கர் வரும்போது பக்கெட்டோடு வரிசையில் நிற்போம். சமையலுக்கும் குளியலுக்கும் அளந்து ஊற்றுகிற வீட்டில் கார் வீலைக் கழுவுகிறேன் என்று சொல்ல முடியுமா? விட்டுவிட்டேன். ஒருவழியாகத் தண்ணீர் திரும்பி வந்து முதல் முறை கழுவியபோது, கருப்பு போன இடத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள், கடுகு சிதறியது போல. வீல் துருப்பிடித்துவிட்டது என்று மனைவி பயந்தாள். அலுமினியத்துக்கு அந்தத் துரு வராது. பதிந்திருந்த இரும்புத் துகள்தான் துருவேறியிருந்தது. பக்கத்திலேயே கடல், உப்புக் காற்று. கேட்க வேண்டுமா?

ஊதா ஸ்ப்ரேக்கு வந்தது அப்போதுதான். இரும்பு நீக்கி என்று விற்கிறார்கள். தெளிக்கும்போது நிறமற்று இருக்கும். ஒரு நிமிடத்தில் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதாவாக மாறி, ரத்தம் வழிகிற மாதிரி வடியும். தியோகிளைக்கோலேட் என்கிற பொருள் இரும்போடு சேர்ந்து தருகிற நிறம் அது. தலைமுடியைச் சுருட்ட சலூனில் பூசும் மருந்திலும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான், நாற்றமும் அதேதான். மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அங்கிள் சுவரின் மேலே எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, வீல் பீட்ரூட் சாப்பிட்டதா?” என்றார்.

ஆரஞ்சுப் புள்ளியில் முக்கால்வாசி முதல் தடவையிலேயே போனது. மிச்சத்தை, பதிந்த துகளை ஒட்டி எடுக்கும் களிமண் பார் வைத்துத் தேய்த்து எடுத்தேன். அந்த வேடிக்கையில் மயங்கி மாதம் ஒரு தடவை தெளிக்க ஆரம்பித்ததுதான் தவறு. ஊதா வந்தால் அங்கே இரும்பு கரைகிறது என்று மட்டும்தான் பொருள், வீல் சுத்தமாகிவிட்டது என்றல்ல. பேடிலிருந்து வரும் பிசினும் கரியும் அதற்கு மசியாது. அதற்கு ஷாம்புவும் பிரஷும்தான். இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை போதும் என்று இருக்கிறேன். நிழலில், வீல் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு, மூன்று நான்கு நிமிடம். காய விடக் கூடாது. ஒரு தடவை பாதியில் போன் வந்து பேசிக்கொண்டே நின்றுவிட்டேன், காய்ந்த கறையை எடுக்க அரை மணி நேரம். கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் ஓடாமல் காரைத் திருப்பி நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டது.

2023இல் வீலுக்கு, அழுக்கு எளிதில் ஒட்டாமல் காக்கும் செராமிக் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சைப் போட்டேன். ஆளை வைத்துச் செய்யவில்லை, நானேதான். நாலு வீலையும் கழற்றி உட்புறம் வரை சுத்தம் செய்து பூச இரண்டு சனிக்கிழமை பிடித்தது. ஜெர்மன் காரில் வீலுக்கு நட்டு கிடையாது, போல்ட்தான். கனமான வீலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்கு ஓட்டை சேர்ப்பதற்குள் இடுப்பு போய்விடும். அங்கிள் ஆலைக்காரர் அல்லவா, பழைய போல்ட் ஒன்றின் தலையை அறுத்து வழிகாட்டிக் கம்பியாக்கிக் கொடுத்தார். அதை ஒரு ஓட்டையில் திருகி வைத்து வீலை அதில் மாட்டினால் தானாக உட்காரும். திரும்ப இறுக்கும்போது கையேட்டில் சொன்ன 120 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தேன், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். இதில் மட்டும் கைக்கணக்கு வேண்டாம்.

பலன்? தூசி விழுவது குறையவில்லை, ஒட்டுவது குறைந்தது. தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு ஷாம்புத் துணி ஒரு தடவை. டப்பாவில் வருஷக்கணக்காக நிற்கும் என்று போட்டிருந்தது. என் முன் வீலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது எட்டு மாதம் வரைதான். பின் வீலில் இன்னும் உருள்கிறது.

உண்மையான மாற்றம் போன வருஷம் பேட் தேய்ந்து மாற்றியபோது வந்தது. ஐரோப்பிய கார்களில் வழக்கமாக வருவது உலோகம் கலந்த பேட். நன்றாகக் கடிக்கும், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். அதற்குப் பதில் செராமிக் வகை போட்டேன். அங்கிளுக்கு அதில் சம்மதமில்லை. “வீல் அழகுக்காகவா பிரேக்கை மாற்றுவாய்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் முதல் அழுத்தில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், இரண்டாவது அழுத்தில் சரியாகிவிடும். ஃபீல்ட்ஸ் ஹில்லில் இதுவரை குறை தெரியவில்லை. தூசி பாதிக்கும் கீழே, கருப்பாக இல்லாமல் வெளிர் சாம்பல் நிறம். விலை சாதாரண பேடைவிடக் கூடுதல்தான்.

மூன்றாம் கியரில் இறங்கப் பழகியதும் கூடவே நடந்தது. எஞ்சினே இழுத்துப் பிடிக்கிறது, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கியர் மாற்றுவதற்குக் காசு கிடையாது.

ஐரோப்பாவில் வாகன மாசுக்கான யூரோ 7 விதியில் முதல் முறையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், அதுவும் காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு மட்டும். என் ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் ஐந்து நாளில் மூன்றரை கிராம், ஒரு சின்ன மோதிரத்தின் எடை. அதைப் படித்த பிறகு காய்ந்த தூசியை காற்றடித்து ஊதுவதை நிறுத்திவிட்டேன். முதலில் தண்ணீர், பிறகுதான் கை.

எங்கள் ஊரில் பிரேக் வில்லேஜ் என்றே ஒரு பகுதி உண்டு. முருகன் கோயிலும் காவடியும் அங்கே விசேஷம். பெயருக்கும் என் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் வருஷத்தில் அந்த இரண்டு முறையில் ஒன்று தைப்பூசத்துக்கு முந்தின வாரம்தான், அப்போது ஊதா பாட்டிலை எடுப்பேன். அங்கிளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.