கிளைபோசேட் களைக்கொல்லி 1 லிட்டர்: புல்லு போச்சு, மீன் குஞ்சும் போச்சு

5க்கு 2 ஸ்டார், அதுவும் புல்லுக்காக. கொளத்தூர்ல வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சிமெண்ட் தொட்டில ஜீப்ரா டேனியோ மீன் ப்ரீட் பண்றேன், காம்பவுண்ட் ஓரமா கோரை முட்டியளவு வளந்துடுச்சுன்னு 41% கிளைபோசேட் வாங்கி அடிச்சேன். பத்து நாள்ல மொத்தமா காஞ்சுடுச்சு, அதுல குறையே இல்ல.

ஆனா அடிச்ச அன்னைக்கு ராத்திரியே மழை. தண்ணி சிமெண்ட் தரைல வழிஞ்சு ஒரு தொட்டிக்குள்ள போயிடுச்சு. பெரிய மீனுக்கு ஒண்ணும் ஆகல, விடிஞ்சதும் முட்டையும் போட்டுச்சு, எனக்கு மனசு கேக்காம பாதி முட்டைய அதே தண்ணில ஒரு டப்பாவுலயும் மீதிய அடுத்த தொட்டித் தண்ணில இன்னொரு டப்பாவுலயும் பிரிச்சு வச்சேன். 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணாடி மாதிரி, ரெண்டாம் நாள் லென்ஸ் வச்சுப் பாத்தா உள்ள இதயம் துடிக்கறது தெரியும். ரெண்டு டப்பாவுலயும் நல்லாவே துடிச்சுது. பொரிஞ்ச அப்புறம்தான் போச்சு. நல்ல தண்ணில இருந்தது எல்லாம் அஞ்சாம் நாள் நீந்துச்சு, இதுல முக்கால்வாசி வால் வளைஞ்சு அடியிலயே படுத்துக் கிடந்துச்சு.

கடைக்காரர் "இது செடிக்கு மட்டும்தான் சார் வேலை செய்யும்"னார். பாதி உண்மை. கிளைபோசேட் முடக்கற என்சைம் மீனுக்குக் கிடையாது, ஆனா மருந்து இலைல ஒட்டறதுக்கு சோப்பு மாதிரி ஒண்ணு கலக்கறாங்க, பல கம்பெனி மருந்துல அது பிஓஇஏ. மீனுக்கு ஆபத்து பெரும்பாலும் அதுதான்னு 1979லயே அமெரிக்க ஆராய்ச்சில வந்தாச்சு, ட்ரௌட் மீன்ல முட்டை ஓரளவு தாங்குது, பொரிஞ்ச குஞ்சு தாங்கலன்னும் அதுலயே இருக்கு. என் கேன் லேபிள்ல அந்தப் பொருளோட பேரே இல்ல, இதுதான் எனக்கு ரொம்ப கோவம். மண்ணுல விழுந்தா கிளைபோசேட் ஒட்டிக்கும்னு சொல்றதும் சரிதான், சிமெண்ட் தரைல மண்ணுக்கு எங்க போறது?

ஏர் பம்ப் காந்தம், வைஃபை ரவுட்டர்தான் காரணம்னும் சிலர் சொன்னாங்க. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துல ஜீப்ரா முட்டை பொரிய லேட் ஆனதா ஆராய்ச்சி இருக்கு, ஆனா அது 1 மில்லிடெஸ்லா, வீட்டுக்குள்ள சாதாரணமா இருக்கறது அதுல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது. அதுவுமில்லாம என் ரெண்டு டப்பாவும் ஒரே பலகைலதான், ஒரே பம்ப் பக்கத்துலதான் இருந்துச்சு.

2022 அக்டோபர்லயே இத பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளுங்க மூலமாத்தான் அடிக்கணும்னு மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு, எனக்கு பில்லு போடும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லல. தொட்டி, குளம், கிணறு பக்கத்துல இருக்கறவங்க தயவுசெஞ்சு வாங்காதீங்க. நான் களைக்கொத்து எடுத்துட்டேன், மீதி அரை கேன் மூடி இறுக்கி பரண்ல இருக்கு, சாக்கடைல ஊத்த மனசு வரல.