வாசல் வண்ணக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வேண்டாம்: யாங்கூனில் ஓர் ஈயப் பட்டறை

மியான்மரின் யாங்கூன் நடுநகரத்துப் பழைய மாடி வீடுகளில் வாசற்கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி இருக்கும். அது உடைந்தால் இப்போதெல்லாம் வெறும் கண்ணாடியைப் பொருத்தி, மேலே கலர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். ஓரம் உரிந்து, சிவப்பு இளஞ்சிவப்பாக வெளுத்துக் கிடக்கிறது.

எங்கள் வீட்டுக் கண்ணாடியை தெயின்ஜி சந்தைப் பக்கத்துச் சந்தில், ஈயப் பட்டையில் கோத்துத் தரும் பட்டறைக்குக் கொண்டு போனேன். பெயர்ப்பலகை கிடையாது. உடைந்த சிவப்புத் துண்டை வாங்கிய பட்டறைக்கார அண்ணன், அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்ளே முழுக்க நிறமற்ற கண்ணாடி. ஒரு பக்கத்தில் மட்டும் வெங்காயச் சருகு போலச் சிவப்பு. முழுக் கனத்துக்கும் சிவப்பு ஊற்றினால் கறுத்துப்போகுமாம். "தூக்கிப் போட்டுடாதீங்க தங்கச்சி, சின்னதா வெட்டி ஓரத்துக்கு வச்சுக்கலாம்" என்றார். அப்படியே வைத்தும் கொடுத்தார்.

வேலை சுத்தம். இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைக்குள் துண்டுகளைச் செருகி, சந்திப்புகளில் மட்டும் பற்றவைத்து, இடுக்கில் ஆளிவிதை எண்ணெய் கலந்த மக்கை (இடுக்கை அடைக்கும் பசையை) அழுத்தித் தேய்க்கிறார். மழைச்சாரல் சொட்டுகூட உள்ளே வரவில்லை. பச்சைதான் எனக்குத் திருப்தியில்லை. இடிக்கிற வீடுகளிலிருந்து எடுத்து வைத்ததில் பொருத்தமானது இல்லையென்று சற்று மஞ்சள் ஓடிய பச்சையைப் போட்டுவிட்டார், முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஈயத்தைத் தொட்ட கையோடு பட்டறைப் பையன்கள் அங்கேயே டீ குடிப்பதும் சரியில்லை. ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு, நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

கூலி ஸ்டிக்கரைவிடப் பல மடங்கு. கொடுக்கலாம் என்பேன். போஜியோக் ஆங் சான் சாலையில் உள்ள புனித மரியன்னை பேராலயம், நெதர்லாந்துக்காரர் யோஸ் கைப்பர்ஸ் வடிவமைத்து 1899இல் கட்டி முடித்தது. அவ்வளவு பெரிய கோயிலே இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் தன் வண்ணக் கண்ணாடிகளை இழந்தது. நம் வாசலில் தப்பி நிற்கிற பழைய துண்டுகளைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

பட்டறையில் கண்ணாடியைக் கொடுப்பவர்கள் உடைந்த சில்லுகளையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு போங்கள். நிறம் ஒவ்வொன்றையும் ஈயத்தில் பூட்டுவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள். மக்கு காய வெயில் வேண்டும். ஏப்ரலில் வரும் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் கொடுத்தால் மழைக்காலம் வருவதற்குள் வாசலில் பொருத்திவிடலாம்.